பம்பு மாற்றாத கார்

அத்தியாயம் 17

சாயங்காலம் நாலு மணிக்கு வாடகைக் கார் வரும். அதில் ரீபா ஏற வேண்டும். அவளுடைய நாலு வயது மகள் கெசியா ஏறக் கூடாது.

வெள்ளிக்கிழமை குடும்ப ஜெபம் முடிந்த கையோடு மாமனார் அப்பாத்துரை இதைச் சொல்லிவிட்டார். ஆமென் சொன்ன அதே குரலில் சொன்னார். மாமியார் சாரம்மாள் தலையை ஆட்டினாள். புருஷன் ஹெப்ரான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாளைக்கு உடன்குடியில உங்க அப்பா வீட்ல இரும்மா. உன்னையப் பாக்கப் பாக்க எபிக்கு மனசு ஆற மாட்டேங்கு."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று ரீபா கேட்டாள். மாமனார் வேதப்புத்தகத்தை மூடி வைத்தார். பிள்ளையை ஏன் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டாள். அதற்குச் சாரம்மாள் பதில் சொன்னாள்.

"ஒரு பிள்ளைய முடமாக்கிட்ட. இன்னொரு பிள்ளையவும் உன் கையில தர நாங்க என்ன கோட்டிக்காரங்களா?"

எபி ஹெப்ரானின் தம்பி. இருபத்தாறு வயது. போலீஸ் எஸ்.ஐ. தேர்வில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். தூத்துக்குடியில் வேலை பார்க்கும் ஹெப்ரானுக்கு லீவு கிடைக்கவில்லை. கெசியாவை வீட்டில் விட்டுவிட்டு எபியும் ரீபாவும் போனார்கள். திரும்பும்போது, "ஒறக்கம் வருது மைனி, நீங்க ஓட்டுங்க" என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு எபி பக்கத்து சீட்டில் சாய்ந்தான்.

வள்ளியூர் தாண்டி நாலுவழிச் சாலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் அணைந்து கார் நின்றுபோனது. பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த லாரி மோதித் தள்ளியது. காரின் இடது பக்கம் பாலத்துச் சுவரில் நசுங்கியது. எபியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரீபாவுக்கு நெற்றியில் நாலு தையல். அவ்வளவுதான்.

அந்த வீட்டில் அந்த நாலு தையல்தான் பெரிய குற்றம். நாற்பது தையல் போட்டிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்கள்.

"நான் ஒண்ணும் செய்யல. தானா ஆஃப் ஆயிட்டு" என்று ஆஸ்பத்திரியில் அவள் எல்லோரிடமும் சொன்னாள். "லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம்தான் சார் ஆவுது. பயத்துல என்னத்தையோ செஞ்சிருப்பா" என்று ஹெப்ரான் போலீசிடம் சொன்னான். புருஷனே சொன்ன பிறகு வேறு யார் என்ன சொல்ல?

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ரீபா பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண்.

"குட் மார்னிங் மேடம். கார் கம்பெனியில இருந்து பேசறோம். அப்பாத்துரை அவங்க பேர்ல இருக்கற வண்டி விஷயமா பேசணும்."

"சொல்லுங்க."

"உங்க மாடல் வண்டியில ஃபியூயல் பம்ப் ஃபால்ட் இருக்குன்னு கம்பெனி எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிட்டு இலவசமா மாத்திக் குடுக்கறாங்க மேடம். உங்க வண்டி மட்டும் இன்னும் வரலைன்னு லிஸ்ட்ல காட்டுது. எப்ப கொண்டு வர்றீங்க?"

ரீபா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பம்பு கெட்டா என்ன ஆவும்?"

"ரன்னிங்ல இருக்கும்போதே இஞ்சின் ஆஃப் ஆக சான்ஸ் இருக்கு மேடம். அதனாலதான் சீக்கிரம் வரச் சொல்றோம். திங்கக்கிழமை ஓகேவா?"

கையில் இருந்த சேலை நழுவியது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? திங்கக்கிழமை போட்டுரட்டுமா?"

"அந்த வண்டி உங்க ஆளுங்க வொர்க்ஷாப்புலதான் ரெண்டு மாசமா கெடக்கு" என்றாள் ரீபா. "பாதி வண்டிதான் கெடக்கு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணி என்று குறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரீபா முகத்தைக் கழுவினாள். அடுக்களைக்குப் போய், "அத்தை, கெசியாவுக்கு ரெண்டு கவுன் எடுக்கணும். வண்ணார்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்துருதேன்" என்றாள்.

சாரம்மாள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"எடு, எடு. பிள்ளைக்கு அம்மான்னு சொல்லிக் காட்ட அதாவது இருக்கட்டும்."

* * *

வண்ணார்பேட்டையில் மழை பிடித்துக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் அட்வைசர் சிராஜுதீன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஐம்பது வயது மனிதர். விபத்துக்குப் பிறகு நசுங்கிய காரை லாரியில் இருந்து இறக்கும்போது அவரும் கூட நின்றவர்தான்.

"வாங்கம்மா. இன்சூரன்ஸ் விஷயமா? சார் வரலையா?"

"பம்பு விஷயமா வந்தேன் அண்ணாச்சி."

சிராஜுதீன் மறுபடியும் உட்கார்ந்தார். பேனாவை மூடினார். திறந்தார்.

"தெரிஞ்சு போச்சா?" என்றார்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"வண்டி யார்டுக்கு வந்த அன்னைக்கே நெனச்சேன்மா. ஆனா இப்படித்தான்னு நான் எப்படிச் சொல்ல? பம்பக் கழத்திப் பாக்கணும்னா ஓனர் கையெழுத்து வேணும். உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டேன். அவரு ஒண்ணும் வேண்டாம், அப்படியே கெடக்கட்டும்னுட்டாரு."

ரீபாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை அப்போது மண்டையில் ஏறவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

"ஓட்டுத ஆளு தப்பு செய்யாமலே வண்டி நின்னுருமா? அத மட்டும் சொல்லுங்க."

"பெட்ரோல் டேங்குக்குள்ள ஒரு பம்பு இருக்கும்மா. அதுதான் இஞ்சினுக்குப் பெட்ரோலத் தள்ளும். அந்த வருசம் செஞ்ச வண்டியில பம்புக்குள்ள இருக்குத சின்னச் சக்கரம் பெட்ரோல்ல ஊறி உப்பிப் போகுது. உப்புனா இறுகிரும். இறுகுனா பெட்ரோல் ஏறாது. அம்பதுல போனாலும் சரி, நூறுல போனாலும் சரி, வண்டி அமந்துரும். ஓட்டுத ஆளு என்ன செய்வாவ? பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் திரும்பாது."

"ஆமா" என்றாள் ரீபா. "திரும்பல. நான் எவ்வளவோ இழுத்தேன் அண்ணாச்சி. திரும்பல."

இரண்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததை முதல்முறையாக ஒரு ஆள் அவளுக்குச் சொன்னார். அவள் அழுதாள். பக்கத்தில் புதுக் காருக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. சிராஜுதீன் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

"ஏன் எங்களுக்கு முன்னாலயே சொல்லல?"

"சொன்னோம்லா."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது போல இருந்தது முகம்.

"ஆகஸ்ட் மாசம் நானேதான் பேசுனேன். எண்பது வண்டிக்கு மொத லோடுல பன்னெண்டு பம்புதான் வந்துச்சு. உங்க மாமா எனக்குப் பழக்கம்லா, அதனால உங்க வண்டிக்குன்னு ஒண்ண எடுத்து வச்சேன். ஒம்பதாந் தேதி வண்டிய விடுங்கன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாவ."

"யாரு?"

"யாருன்னு பேரு கேக்கல. ஆம்பளைக் குரல். சின்ன வயசு. ஒங்க நம்பருக்குத்தான் போட்டேன், அவரு எடுத்தாரு. 'ஒம்பதாந் தேதி எங்க சபையில கன்வென்ஷன். பிரசங்கியாரக் கூட்டிட்டு வாரதுக்கு இந்த வண்டியத்தான் வாக்குக் குடுத்துருக்கோம், விட முடியாது'ன்னாரு. வண்டி வழியில நின்னுரும் தம்பின்னு சொன்னேன். 'கர்த்தரோட ஊழியத்துக்கு ஓடுத வண்டி அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது'ன்னு சிரிச்சாரு. கன்வென்ஷன் முடிஞ்சதும் நாங்களே கூப்பிடுதோம்னாரு. கூப்பிடல."

சிராஜுதீன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"நானும் சரி, அல்லா காப்பாத்துவான்னு சொல்லிட்டு வச்சுட்டேன்மா. மறுபடி ஒரு போன் போட்டிருக்கணும். அந்தப் பம்ப வேற வண்டிக்கு மாட்டி விட்டேன். அதுல என் தப்பும் இருக்கு. மறைக்கல."

அந்தக் குரல் யாருடையது என்று ரீபா கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கன்வென்ஷன் கமிட்டிக்கு அப்பாத்துரை செயலாளர். வண்டிப் பொறுப்பு எபி. மூன்று நாளும் பிரசங்கியாரை எபிதான் ஓட்டிக்கொண்டு வந்தான். அந்த மாதிரிக் காரியங்களுக்குக் கொடுத்த வாக்கை அந்த வீட்டில் யாரும் மாற்றியதில்லை. மாற்றவும் விடமாட்டார்கள். அவளுடைய போன் எப்போதும் கூடத்தில்தான் சார்ஜில் கிடக்கும். மாமனார் வைத்திருப்பது பட்டன் போன் என்பதால் கார் வாங்கும்போது அவளுடைய நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

"இத ஒரு பேப்பர்ல தருவீங்களா?"

சிராஜுதீன் ஒரு தாளை அச்சடித்து முத்திரை குத்திக் கொடுத்தார். வண்டி எண், பழுது, தேதி, பேசிய போன் நம்பர், 'வாடிக்கையாளர் தேதியை மறுத்துவிட்டார்' என்று ஒரு வரி. ரீபா அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கவுன் எடுக்க மறந்துவிட்டாள்.

* * *

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. அப்பாத்துரையும் ஹெப்ரானும் சபைக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சாரம்மாள் பின்கட்டில் கெசியாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எபி முன்னறையில் சக்கர நாற்காலியில் இருந்தான்.

விபத்துக்குப் பிறகு எபி அவளை 'நீங்க' என்று சொல்வதில்லை.

"கவுன் எங்க? ஊரச் சுத்திட்டு வாரியா? உனக்கென்ன, ரெண்டு காலு இருக்கு."

ரீபா கதவைச் சாத்தினாள்.

"எபி. நான் சிராஜுதீன் அண்ணாச்சியப் பாத்துட்டு வாரேன்."

அவன் முகம் வெளிறுவதை அவள் நேராகப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அவன் கையை நீட்டினான்.

"பேப்பர் தந்தாராக்கும்? காட்டு."

கொடுத்தாள். அவன் முழுதாகப் படித்தான். ஒரு இடத்தில் கண் நின்றது. மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்பத்துல இருந்து?"

"கண்ணு முழிச்ச உடனே தெரியும். பாலத்துல மோதும்போது முழிச்சேன்லா. நீ ஸ்டியரிங்கப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்த. அப்பவே நெனப்பு வந்துட்டு, அந்த ஆளு பேசுனது."

"தெரிஞ்சுமா ரெண்டு மாசம் இந்தப் பேச்சு பேசுன? நேத்தைக்கு என் பிள்ளைய என்கிட்ட இருந்து பிரிக்கும்போதும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

எபி மடிந்து கிடந்த கால்சட்டையைத் தடவினான்.

"எனக்குக் காலு இல்ல மைனி. பழி போடவாவது ஒரு ஆளு வேண்டாமா?"

அதை அவன் வெட்கமில்லாமல் சொன்னான். போன மாதம் அவன் தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கியபோது மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ரீபாவுக்கு நினைவு வந்தது. தூக்கியதில் அவளும் ஒருத்தி.

"என் காலு நானே எடுத்துக்கிட்டதுன்னு எல்லாரும் சொல்லுவாவ. அம்மா சொல்லுவா. சொல்ல மாட்டா, ஆனா பார்ப்பா. அத என்னால முடியாது மைனி. நீங்க சொல்லிராதீங்க."

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு 'நீங்க'. ரீபாவின் மனம் அதில்தான் விழுந்தது.

"பம்பு கெட்டுப் போச்சுங்கறத மட்டும் சொல்லுதேன்" என்றாள். "யாரு வேண்டாம்னு சொன்னதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு எம் பிள்ள போதும்."

அவன் தலையாட்டினான்.

* * *

மூன்று மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். ரீபாவின் பெட்டி வாசல் பக்கம் நின்றது. கெசியா பக்கத்து வீட்டில் இருந்தாள். அம்மா புறப்படுவதைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று சாரம்மாள்தான் கொண்டு போய் விட்டிருந்தாள்.

ரீபா தாளை அப்பாத்துரையிடம் கொடுத்தாள். கல்வி அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர் அவர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார்.

"அப்போ இவ தப்பு இல்லையா?" என்றார்.

அந்தக் கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை. ரீபா, "இல்ல மாமா" என்றாள்.

"கம்பெனிக்காரன் கெட்ட பம்ப மாட்டி வித்துருக்கான். எம் பிள்ள காலு போயிட்டு. நான் விட மாட்டேன். கோர்ட்டுக்குப் போறேன்" என்றார் கிழவர். அவர் ரீபாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

அதற்குள் சாரம்மாள், "அதுல கடைசியா என்ன எழுதிருக்கு? மறுத்துட்டாவன்னு இருக்குலா. யாரு மறுத்தது?" என்றாள்.

ரீபா தரையைப் பார்த்தாள்.

"ஏட்டி, உன்னத்தான். அவன் சும்மா மாத்தித் தாரேன்னு கூப்பிட்டும் வேண்டாம்னு சொன்ன சவம் எது?"

"அது தெரியாது அத்தை."

"பேப்பர்ல போன் நம்பர் இருக்குலாம்மா" என்றான் எபி.

ரீபா நிமிர்ந்தாள்.

"அந்த நம்பர் யாருதுன்னு அண்ணன் பாக்கட்டும்" என்றான் எபி. குரல் சாதாரணமாக இருந்தது. சோற்றுக்குக் குழம்பு கேட்கிற குரல்.

ஹெப்ரான் தாளை வாங்கினான். பார்த்த உடனே தாளை மடித்தான்.

"யாருதுலே?" என்றார் அப்பாத்துரை.

"ரீபா நம்பர்ப்பா."

சாரம்மாள் எழுந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் என் பிள்ளைய உக்கார வச்சு ஓட்டிட்டு வந்துருக்க."

"நான் பேசல அத்தை! அந்த அண்ணாச்சியக் கேளுங்க. ஆம்பளைக் குரல்னு சொன்னாரு."

"ஆம்பளையா? உன் போன எடுத்துப் பேசுத ஆம்பள எவன்ட்டி? எம் மவன் தூத்துக்குடியில கெடக்கும்போது எவன் உன் போன எடுத்தான்?"

"அத்தை!"

"இதுவேறயா? ஏலே ஹெப்ரான், கேட்டியாலே? ஒம் பொண்டாட்டிக்குப் போன் பேச ஆளு இருக்குதாம்."

"எபிதான் பேசுனான்" என்றாள் ரீபா. "கன்வென்ஷனுக்கு வண்டி வேணும்னு எபிதான் வேண்டாம்னு சொன்னான். இப்பத்தான் முன்னறையில என்கிட்ட ஒத்துக்கிட்டான். எபி, சொல்லு. சொல்லு எபி."

எபி அம்மாவைப் பார்த்தான்.

"பாத்தியாம்மா? இப்ப என் தலையிலயே வைக்கா."

சாரம்மாளின் கை ரீபாவின் கன்னத்தில் விழுந்தது. தையல் போட்ட பக்கம். அப்பாத்துரை, "சாரா, வேண்டாம்" என்றார். அடித்த பிறகுதான் சொன்னார்.

"கொஞ்ச நாளுன்னு சொன்னது எங்க தப்பு" என்றாள் சாரம்மாள். "கொஞ்ச நாள் இல்ல. இனி இந்தப் படி ஏறாத. பிள்ளைய நெனப்புல இருந்து எடுத்துரு. வெட்டி எடுத்த கால எம் பிள்ள மறக்கணும்லா, அந்த மாதிரி நீயும் மறந்து பழகு."

வாசலில் வாடகைக் காரின் ஹாரன் கேட்டது. நாலு மணிக்குச் சொன்னது, மூன்றரைக்கே வந்துவிட்டது.

* * *

ஹெப்ரான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். டிக்கியில் வைத்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நீங்களும் நம்புதீங்களா?" என்றாள் ரீபா. "வேற ஆளுன்னு உங்க அம்மா சொன்னத?"

"ச்சீ. இல்ல."

"அப்போ நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு நம்புதீங்களா?"

ஹெப்ரான் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"எபிதான்னு எனக்குத் தெரியும் ரீபா. ஆஸ்பத்திரியிலயே அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டான்."

வண்ணார்பேட்டையில் சிராஜுதீன் சொன்னது இப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு. பம்பைக் கழற்றிப் பார்க்க விடாதவன் இவன்.

"எத்தனாவது நாள் சொன்னான்?"

"மூணாவது நாளு."

"நீங்க போலீஸ்ல, இவ பயத்துல என்னத்தையோ செஞ்சிருப்பான்னு எழுதிக் குடுத்தது?"

ஹெப்ரான் டிக்கியை அழுத்திச் சாத்தினான். அது ஐந்தாவது நாள். ரீபாவுக்கும் தெரியும். அவள் பக்கத்தில் நெற்றிக் கட்டோடு நின்றிருந்தாள்.

"அவன் மாத்திரையத் தின்னதப் பாத்தலா. இது வெளிய வந்தா அவன் செத்துருவான். அப்பாவும் கமிட்டி, கோயிலுன்னு இருக்க மனுசன், தலை தூக்க மாட்டாரு. யாராவது ஒரு ஆளு சொமக்கணும்லா." அவன் அவள் தோளைத் தொட்டான். ஆறுதல் சொல்கிற மாதிரியே தொட்டான். "அவன் தாங்க மாட்டான் ரீபா. நீ தாங்குவ. ஒரு வருசம். ரெண்டு வருசம். நான் பையப் பைய அம்மாட்டப் பேசி உன்னையக் கூட்டிட்டு வந்துருதேன்."

ரீபா அவனைப் பார்த்தாள். ஆறு வருஷம் கூடப் படுத்த முகம். அதில் கெட்டவன் யாரும் இல்லை. பயந்தவன் ஒருவன்தான் இருந்தான். அது அதைவிட மோசமாக இருந்தது.

"டிக்கியத் தெறங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"தெறங்கன்னு சொல்லுதேன்லா."

பெட்டியை அவளே இறக்கினாள். அவளே தூக்கிக்கொண்டு படி ஏறினாள். ஹெப்ரான் பின்னாலேயே, "ரீபா, ரீபா, செத்த நில்லு" என்று வந்தான். அவள் நிற்கவில்லை.

கூடத்தில் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். சாரம்மாள் எபிக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ரீபாவைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எதுக்குட்டி திரும்பி வார?"

ரீபா பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. கோயில்ல நற்கருணைலா?"

அப்பாத்துரை, "ஆமா" என்றார். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"எபியக் கோயிலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அவன் நாற்காலிய நான்தான் தள்ளுவேன். பீடத்துக்கு முன்னால கொண்டு போய் நிறுத்துதேன். குருவானவர் அவன் கையில அப்பத்த வைக்கும்போது நான் பக்கத்துல நிப்பேன். போன எடுத்துப் பேசுனது நான் இல்லன்னு மனசுல சொல்லிக்கிட்டு அவன் அத வாயில போடட்டும். போட்டுட்டான்னா, நான்தான் பேசுனேன்னு எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கிடுதேன். அங்கன இருந்தே உடன்குடிக்குப் போயிருதேன். எம் பிள்ளையக்கூடக் கேக்க மாட்டேன்."

மனதில் பொய்யை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடுகிறவன் தன் தண்டனையைத் தானே தின்கிறான் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறோடு சேர்த்து ஊட்டிய பயம். ஊட்டியவள் சாரம்மாள்.

அவளுக்கு ரீபாவின் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தே போனது.

"சம்மதம்" என்றாள். "எங்களுக்கு என்ன பயம்? நானே அவனுக்கு வெள்ளைச் சட்டை தேச்சு வைக்குதேன். பிள்ளையக்கூடக் கேக்க மாட்டேன்னு சொன்னத எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஏலே எபி, காலையில ஆறரைக்கு எந்திரிச்சிரு."

ஹெப்ரான் வாசல்படியில் நின்றபடியே, "அம்மா, நாளைக்கு வேண்டாம்மா" என்றான்.

"நீ சும்மா கெடலே."

எபி சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். ரீபா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் வரும் என்று அவளே காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

"எனக்கு நாளைக்கு முடியாதும்மா" என்றான் எபி.

சாரம்மாள் சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏம்லே முடியாது?"